டைமிங் பெல்ட்டும் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும்



திண்டுக்கல் பேகம்பூர்ப் பகுதியில் தோல் வியாபாரத்தை அறிந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. எங்கள் அத்தா மண்டியில் உட்கார்ந்திருந்த காலத்தில், உப்புப் போட்ட தோல் கட்டு வந்து இறங்கினால் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து எவரும் விலை பேசியதில்லை. ஒவ்வொரு தோலையும் புரட்டுவார்கள். உரித்தவரின் கத்தி ஆழமாகப் பட்டிருந்தால் அந்தக் கீறல் சதைப்பக்கத்தில்தான் தெரியும். மயிர்ப்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உள்ளே கீறல் உள்ள தோல் பதனிட்ட பின் கிழியும். ஆகவே வாங்குபவர் புரட்டிப் பார்ப்பார். நல்ல வியாபாரி, அவர் கேட்கும் முன் தாமே புரட்டிக் காட்டுவார். இதை நாங்கள் சிறுவயதிலேயே கண்ணால் கண்டவர்கள். கண்டும், ஒரு பழைய காரை விற்றபோது அதைச் செய்யத் தவறினோம். அந்தக் கைசேதத்தை எழுதவே இக்கட்டுரை.

கார் 2002 ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர் வி-டெக் எஞ்சின், 106 குதிரைத்திறன். நான்கு கதவுகளும் பெரிய டிக்கியும் உள்ள குடும்பக் கார்தான். ஆனால் அந்நாளில் நம் சாலைகளில் இருந்த கார்களோடு ஒப்பிட்டால் அது பறந்தது. பந்தயத் தடங்களிலும் அதை ஓட்டினார்கள். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை விலை கொடுத்து வாங்க இயலாத நடுத்தர வீட்டு இளைஞருக்கு அதுவே ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் அந்த மாடலைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மூத்த சகோதரர் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஆசையாக வாங்கி, மாதம் ஒன்று ஓட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார். மீண்டும் இரண்டு ஆண்டு கழித்து வருவார். பதினான்கு ஆண்டுகளில் மீட்டர் எழுபதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. விற்கும்போது அந்த எண்ணைத்தான் நாங்கள் பெருமையாகச் சொன்னோம்.

அந்தப் பெருமையில்தான் தவறு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எஞ்சினைச் சற்றுத் திறந்து பார்க்க வேண்டும்.

எஞ்சினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. அது பிஸ்டன்களை மேலும் கீழும் செலுத்துகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கீழுள்ளது இரண்டு சுற்று சுற்றினால் மேலுள்ளது ஒரு சுற்று சுற்ற வேண்டும், ஒரு பல்கூடப் பிசகாமல். இந்தக் கணக்கைக் காப்பது உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர்ப் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். வண்டி நிதானமாக, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் போகும்போது கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு ஐம்பது முறை சுழல்கிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு இருபத்தைந்து முறை திறந்து மூடுகிறது. வால்வு கீழிறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வருகிறது. ஒன்று விலகிய பின் மற்றது வரும் என்ற ஒழுங்கில்தான் இரண்டும் மோதாமல் இருக்கின்றன. பெல்ட் அறுந்த நொடியில் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும்; வண்டியின் வேகம் கிராங்க் ஷாஃப்டை இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கும். திறந்தபடி நின்ற வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், சில வேளை முறியும், பிஸ்டனின் தலை குழியும். பழைய எஞ்சின்களில் சிலவற்றில் இவ்விரண்டும் தொட்டுக்கொள்ளாத அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். அவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புதுப் பெல்ட் போட்டால் மீண்டும் ஓடும். எங்கள் கார் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இந்தப் பெல்ட் கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை. ரப்பருக்கு வயது உண்டு. எஞ்சின் சூடு, சீல் வழியாகக் கசியும் ஆயில், வாட்டர் பம்பிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஆகிய மூன்றும் அதைத் தின்கின்றன. நம் திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி நின்ற கார், ஓடாமலேயே வயதாகிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் தரும் கையேடுகள் இதனால்தான் இரண்டு கணக்கு எழுதுகின்றன. வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை, அல்லது நான்கு முதல் ஏழு ஆண்டு வரை, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நாங்கள் முதல் கணக்கை மட்டும் படித்தோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. விற்பதற்கு ஓராண்டு முன்பு, ஆயில் மாற்றக் கொண்டுபோன இடத்தில், எங்களை நன்கறிந்த மெக்கானிக் மேல் உறையைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், இது கம்பெனி பெல்ட்டு. வண்டி வந்த நாள்ல இருந்து மாத்தவே இல்ல. போட்டுருங்க." பார்க்கிறோம் என்றோம். லட்சம் ஆகவில்லையே என்றும் சொன்னோம். அவர் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தவில்லை. நம் மெக்கானிக்குகளிடம் இந்தப் பண்பு உண்டு. வாடிக்கையாளரின் பணத்தைக் கறக்கிறார் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி, சொல்ல வேண்டியதை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அடங்கிவிடுவார்கள்.

வாங்கியவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர். வளைகுடாவிலிருந்து திரும்பி ஊரிலேயே தொழில் தொடங்கியவர். அந்தக் காரின் மேல் அவருக்குச் சிறுவயதுக் காதல். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், மகிழ்ந்தார். "அண்ணே, வண்டியில ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல தம்பி, ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான்" என்றோம். அந்த நேரத்தில் பெல்ட் எங்கள் நினைவில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. நினைவின் ஓரத்தில் இருந்தது. சொன்னால் சில ஆயிரம் குறைத்துக் கேட்பார், அல்லது பயந்து விலகிவிடுவார் என்ற எண்ணமும் அதே ஓரத்தில் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஓர் இரவு, மதுரையில் நடந்த நிக்காஹ் விருந்துக்குப் போய்விட்டு நான்குவழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொடைரோட்டைத் தாண்டிய சிறிது தொலைவில் எஞ்சின் அடங்கிவிட்டது. வண்டியில் அவருடைய தாயார், மனைவி, கைக்குழந்தை. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பின்னால் லாரிகள். எப்படியோ திருப்பி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பதற்றத்தில் பலமுறை சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வழக்கமாகத் திணறித் திணறிச் சுற்றும் எஞ்சின், தடையே இல்லாமல் தையல் மிஷினைப்போல் விர்ரெனச் சுழன்றதாம். அந்த ஓசையை நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அப்படிக் கேட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் மிஞ்சியிருக்கும் வால்வையும் வளைக்கலாம். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

ஹெட்டைக் கழற்றிய அன்று நாங்களும் ஒர்க் ஷாப்பில் நின்றோம். பதினாறு வால்வுகளில் பெரும்பாலானவை வளைந்திருந்தன. ஒரு வாளியில் அவற்றைப் போட்டிருந்தார்கள். அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம். வெளிப்பக்கத்தில் வெடிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. ஓரிடத்தில் பற்கள் வேரோடு பெயர்ந்திருந்தன. பார்வைக்கு நன்றாக இருக்கும் பெல்ட் இன்னும் ஓடும் என்ற நம்பிக்கை அங்கே போயிற்று. நம் மெக்கானிக் எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "வண்டி கை மாறுதுன்னு தெரிஞ்சப்பவே அந்தத் தம்பிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் பாய்." அவர் தம்மைக் குறை கூறிக்கொண்டார். அந்தச் சொல் எங்கள் மேல்தான் விழுந்தது.

வீட்டில் அன்றிரவே வாக்குவாதம். எங்களில் ஒருவர், விற்ற அன்று வண்டி ஓடியது, அறுந்தது ஐந்து மாதம் கழித்து, பழைய கார் வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்றார். நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்குகிறது. 1930 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16 ஆம் பிரிவில், சில விதிவிலக்குகளோடு, பொருளின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வாங்குபவரிடமே விடுகிறது. உரிமை மாற்றத்துக்கு நாம் கையெழுத்திடும் 29, 30 ஆம் எண் படிவங்கள் சேஸிஸ் எண்ணைக் கேட்கின்றன, எஞ்சின் எண்ணைக் கேட்கின்றன. பெல்ட் எப்போது மாற்றினீர் என்று கேட்பதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கண்ணில் எங்கள் விற்பனையில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் நமக்கு அதோடு முடிகிறதா? நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, விரலில் ஈரம் பட்டபோது வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று அந்த வியாபாரி சொன்னார். நனைந்தது அவருடைய குற்றமில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததுதான் குற்றமாயிற்று. பெல்ட் பழசானது எங்கள் குற்றமில்லை. அது உறைக்குள் இருந்தது, நாங்களும் அதை உறைக்குள்ளேயே விட்டுவிட்டோம்.

இதைவிட எங்களைத் தைத்த இன்னோர் அறிவிப்பு உண்டு. முஸ்னத் அஹ்மதில் வருவது. ஒருவர் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போகிறார். நபித்தோழர் வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்கள் ஆடை தரையில் இழுபட விரைந்து பின்னால் வருகிறார்கள். இதில் உள்ளதை உமக்குச் சொன்னார்களா என்று விசாரிக்கிறார்கள். வாங்கியவருக்கோ ஒட்டகம் கொழுத்து ஆரோக்கியமாகத் தெரிகிறது. இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்கிறார்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்கிறார். அப்படியானால் இதன் குளம்பில் துளை இருக்கிறது என்று எடுத்துச் சொல்கிறார்கள். விற்றவர் சினந்து, என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்கிறார். குறையை விளக்காமல் விற்பது விற்பவருக்கு ஆகாது, அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்ற நபிமொழியை வாஸிலா (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைக்கிறார்கள். இந்த அறிவிப்பாளர் தொடரின் வலிமை பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. குறையைச் சொல்லாமல் சகோதரனுக்கு விற்பது ஹலால் ஆகாது என்ற கருத்து உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் வழியாக இப்னு மாஜாவிலும் வருகிறது.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். இறைச்சிக்கா, பயணத்துக்கா? ஒரே ஒட்டகம், ஒரே துளை. அறுக்க வாங்கினால் அது பொருட்டே இல்லை. பாலைவனம் கடக்க வாங்கினால் அது உயிர்ப்பிரச்சினை. எங்கள் காரையும் ஒருவர் உதிரி பாகத்துக்காக வாங்கியிருந்தால் பெல்ட்டைப் பற்றிப் பேசத் தேவையில்லை. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகத்தான் அவர் வாங்கினார். அது எங்களுக்குத் தெரியும்.

கெடு தாண்டிய பெல்ட் மார்க்கச் சட்டப்படி ஐபு ஆகுமா, அல்லது சாதாரணத் தேய்மானம்தானா என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்பது செல்லுமா என்பதிலும் மத்ஹபுகளுக்கிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் தீர்ப்பு வழங்கும் தகுதி உடையவர்கள் அல்லர். எங்கள் கருத்து இதுதான்: பழைய கார் விற்கும் முஸ்லிம், பெல்ட் என்று மாற்றப்பட்டது என்பதை வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். சீட்டு இருந்தால் சீட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால், தெரியாது, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கும் புரோக்கரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். வியாபாரம் முறிந்தாலும் சரி.

இதெல்லாம் ஆசைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களின் கவலை என்று தாய்மார்கள் ஒதுக்கிவிட வேண்டாம். வெளிநாட்டில் போர்ஷே 944 போன்ற பழைய கார்களை வாங்குபவர் முதலில் கேட்பதே பெல்ட் மாற்றிய ரசீதைத்தான். ஃபெராரி 355 காரில் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்குவார்கள். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டவர்கள் அங்கும் உண்டு. அது அவர்கள் பாடு. நம் தெருவில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, ஆக்சென்ட், எல்லாவற்றிலும் பெல்ட்தான். டீசலில் டஸ்டர், ஈகோஸ்போர்ட், போலோ 1.5 டிடிஐ. குவாலிஸிலும் முதல் தலைமுறை டீசல் இன்னோவாவிலும் பெல்ட். ஸ்விஃப்ட் டீசலிலும் மாருதியின் பின்னாளைய கே வரிசைப் பெட்ரோல் எஞ்சின்களிலும் செயின்; ஹோண்டா சிட்டிகூட 2003 இல் வந்த அடுத்த தலைமுறையில் செயினுக்கு மாறிவிட்டது. உங்கள் வண்டியில் எது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

குவாலிஸையும் இன்னோவாவையும் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். நாகூருக்கும் ஏர்வாடிக்கும், உம்ரா செல்பவர்களை வழியனுப்ப மதுரை விமான நிலையத்துக்கும், கொடைக்கானல் மலைப்பாதைக்கும் எட்டுப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போவது அவைதாம். பெல்ட் மாற்றும் தொலைவு வந்ததும் அவற்றின் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைத்துவிடவும் முடியும். பெல்ட் மாற்றியவர் அதை அணைத்து, கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்காக வைத்த வசதி அது. விற்கும் முன் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நனைந்த தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதற்கும் இதற்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. அணைக்காமலே விட்டாலும் அந்த விளக்கு கிலோமீட்டரை மட்டுமே எண்ணும், ஆண்டுகளை எண்ணாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றை அந்த ஒர்க் ஷாப்பில் நின்ற நாட்களில் கற்றுக்கொண்டோம். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கைப் பழையதாகவே விட்டால் பாதி வேலைதான். பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும். பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் உள்ள எஞ்சின்களில் அதையும், கசிகிற ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதானே. பெல்ட்டின் மேல் எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது, மடக்கி ஒடிக்கக் கூடாது. பூட்டிய பின் ஸ்டார்ட் செய்யும் முன்பு, ஸ்பேனரால் கிராங்க் ஷாஃப்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்பும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எங்கள் பழைய காரில் இன்னொரு விந்தை. அந்த ஹோண்டா எஞ்சின் மற்றவை சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழக்க தோஷத்தில் வேறு பக்கம் திருப்பி, டென்ஷனைப் பிசகவிட்டவர்கள் உண்டு. அந்த மாடலைத் தொட்டுப் பழகியவரிடம் போவது நலம்.

வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் அறையிலேயே ஒட்டிவிடச் சொல்லுங்கள். ரசீதை வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவியைத் தனியே வைத்துக் காக்கிறோம் அல்லவா, அதே அக்கறை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். உரிய காலத்தில் மாற்றியிருந்தால் சில ஆயிரம் ரூபாய். அறுந்த பின், லேத் வேலையும் வால்வுகளும் கேஸ்கெட்டும் கூலியும் சேர்ந்து அதைப்போலப் பல மடங்கு ஆயிற்று. அந்தத் தம்பி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிவாசலில் பார்த்தபோது வழக்கம்போல ஸலாம் சொன்னார். "கத்ரு அண்ணே, நடக்கணும்னு இருந்திருக்கு" என்றார். அவர் விதி என்று சொன்னது அவருடைய ஈமானின் அழகு. அதையே நாங்களும் சொல்லிக்கொண்டு போயிருந்தால் அதற்கு வேறு பெயர். மெக்கானிக் ஓராண்டு முன்பே எச்சரித்ததை அன்று அவரிடம் சொன்னோம். சொல்லும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்தோம். பார்க்கத்தான் வேண்டும் என்று நின்றோம். செலவு முழுவதையும் கொடுக்க முன்வந்தோம். அவர் பாதிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். மீதிப் பாதி எங்கள் மேல் இன்னும் கடனாக இருக்கிறதா, அவர் மன்னித்துவிட்டதால் தீர்ந்ததா என்று எங்கள் வீட்டில் இரண்டு கருத்து நிலவுகிறது. எங்கள் அம்மாவின் கருத்து, தீரவில்லை என்பது.

இப்போது அத்தாவின் பழைய குவாலிஸை விற்கும் பேச்சு வந்திருக்கிறது. அவர் மறைந்த பின் அதை யாரும் அதிகம் எடுப்பதில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை. பெல்ட் மாற்றிய ரசீதும் பெட்டியில் இல்லை. அத்தா மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருந்திருக்கலாம். விற்கும் முன் நாமே மாற்றிவிடுவோம் என்கிறார் ஒரு சகோதரர். தெரியாது என்று எழுதிக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார் மற்றவர். வாங்க வருபவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றப் போகிறாரா, பிள்ளைகளை ஏற்றப் போகிறாரா என்று முதலில் கேளுங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார்.